போட்டுப் பார்க்கும் முன்: பழைய வானொலி கேள்வி – பதில்

கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று செட்டிநாட்டு ஊருக்கு வந்து பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறார்கள். உள்ளே வால்வு ரேடியோ, ஸ்பூல் நாடா, கேசட் மூட்டை என்று ஏதோ ஒன்று அகப்படுகிறது. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதி அப்படிப்பட்டவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

ஐயா காலத்து மர்பி வால்வு ரேடியோ முப்பது வருஷமாகத் துணி போர்த்தியபடி கிடக்கிறது. "பிளக்கைச் சொருகு, பாடும்" என்கிறார் அப்பச்சி. சொருகலாமா?
– வாசகர், காரைக்குடி

அப்பச்சி சொல்கிறபடி பாடினாலும் பாடும், பத்து நிமிஷத்துக்கு. அப்புறம் கருகல் வாசனை வரும். சொருகாதீர்கள்.

முதலில் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். எலி கூடு கட்டியிருக்கிறதா, ஒயரின் ரப்பர் உறை தொட்டால் உதிர்கிறதா, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாராவது சிகரெட் தாளைச் சுற்றி வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். அடுத்து வால்வுகளின் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். இ.சி.எச். 81, இ.எல். 84 என்று 'இ' வரிசையில் இருந்தால் அது பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் உள்ள செட். யு.சி.எச். 81, யு.ஒய். 85 என்று 'யு' வரிசையில் இருந்தால் பெரும்பாலும் ஏசி/டிசி செட். இதில் வால்வு இழைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கும். உள்ளே உள்ள உலோகச் சட்டம் நேராகக் கரண்டின் ஒரு கம்பியோடு இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டம் முழுக்க 230 வோல்ட். குமிழ் கழன்றுபோன தண்டைத் தொட்டாலே போதும், தூக்கி எறியும். அனுபவமில்லாதவர்கள் 'யு' செட்டின் உள்ளே கை வைக்க வேண்டாம். மெக்கானிக்காக இருந்தாலும் வீட்டுக் கரண்டிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் 230-க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் திறக்கக் கூடாது.

'இ' செட் என்றால் கரண்ட் கொடுக்கும் முன்னே மாற்ற வேண்டியவை இரண்டு. ஒன்று, கடைசி வால்வின் கிரிடுக்கு (ஒலி உள்ளே நுழையும் முனைக்கு) போகும் கப்ளிங் கண்டென்சர், வழக்கமாக 0.01 மைக்ரோ ஃபாரட். மெழுகு பூசிய அந்தக் காகிதக் கண்டென்சர் ஈரத்தில் கசிந்துவிடும். அது கசிந்தால் கிரிடுக்குப் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். வால்வோடு அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து போகும். வால்வையாவது தேடிப் பிடிக்கலாம், அந்த டிரான்ஸ்பார்மரைத் திரும்பச் சுற்றித் தர ஆள் கிடைப்பது பெரும்பாடு. பதினைந்து ரூபாய்ச் சாமான் செய்கிற வேலை இது. 630 வோல்ட் பாலியெஸ்டர் வகையாகப் போடுங்கள். இரண்டு, அலுமினியக் குப்பிக்குள் இருக்கும், உறுமலை வடிகட்டும் ஃபில்டர் கண்டென்சர்கள். 32 என்று போட்டிருந்தால் 33 அல்லது 47 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட். "பெரிசாப் போட்டா இரைச்சல் வராது" என்று 220 போட்டுவிடுகிற மெக்கானிக்குகள் உண்டு. விடாதீர்கள். ஏசியை டிசியாக்கும் இ.இசட். 80 ரெக்டிஃபையர் வால்வு 50 மைக்ரோ ஃபாரடுக்கு மேல் தாங்காது.

செட்டின் பழைய தோற்றம் கெடக் கூடாது என்றால், பழைய காகிதக் குழலின் உள்ளீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை அதனுள்ளே ஒளித்து வைக்கலாம். நுணுக்கமான வேலைதான், ஆனால் பார்க்க அழகு.

பிறகுதான் கரண்ட். பின்பக்கத்தில் வோல்டேஜ் மாற்றும் கட்டை இருந்தால் 240-க்கோ 250-க்கோ தள்ளுங்கள். 60 வாட் இழை பல்பை சீரிஸில் (செட்டுக்குப் போகும் ஒரு கம்பியின் நடுவே) போட்டுச் சொருகுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் செட் சரி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். நிறுத்திய பிறகும் கண்டென்சரில் 200 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அதன் இரு முனைகளிலும் ஐந்து வினாடி வைத்து வடித்துவிட்டு, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.

எங்கேயாவது திருகு கண்ணில் பட்டால் திருப்பிப் பார்க்கத் தோன்றும். சதுர அலுமினிய டப்பாக்களின் தலையில் உள்ள, நிலையங்களைப் பிரித்தெடுக்கும் ஐ.எஃப். திருகுகளை மட்டும் தொட வேண்டாம். ஒலி குறைந்ததற்குக் காரணம் அநேகமாக அவை இல்லை. தொட்டால் அவையும் ஒரு காரணமாகிவிடும்.

ஊர்ப் பெயர்கள் எழுதிய டயல் கண்ணாடி அழுக்கேறிக் கிடக்கிறது. சோப்புத் தண்ணீரில் துடைக்கலாமா?
– வாசகி, தேவகோட்டை

முன்பக்கம் மட்டும், அதுவும் பிழிந்த துணியால். எழுத்துகள் கண்ணாடியின் பின்புறத்தில் அச்சடிக்கப்பட்டவை. வருஷக் கணக்கில் பல்புச் சூடு பட்டுப் பொடியாக நிற்கும். ஈரத்துணி ஒருமுறை ஓடினால் கொழும்பும் திருச்சியும் துணியோடு வந்துவிடும். பின்புறத்துக்குக் காய்ந்த மெல்லிய தூரிகை போதும். அதற்கும் எழுத்து உதிர்கிறதென்றால் தூசியோடு இருக்கட்டும்.

எங்கள் வீட்டை விருந்தினர் தங்கும் இடமாக மாற்றியிருக்கிறோம். முகப்பில் உள்ள வால்வு ரேடியோ வழியாகவே பழைய வானொலி நாடகங்கள் ஒலிக்க வேண்டும். முடியுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

முடியும். செட்டின் பின்னால் 'பி.யு.' என்றோ, கிராமபோன் தட்டுப் படம் போட்டோ இரண்டு துளை இருக்கும். கிராமபோன் பிக்-அப் சொருகுவதற்காக வைத்தது. ஒரு சின்ன புளூடூத் ரிசீவர் வாங்கி, அதன் இடது, வலது முனைகளுக்குத் தலா 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, இரண்டையும் ஒன்றாக்கி அந்தத் துளைக்குக் கொண்டுபோங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் நேராக முறுக்கினால் ரிசீவரின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். உறுமல் கேட்டால் நடுவில் 1:1 ஆடியோ டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் போடுங்கள், அடங்கிவிடும். பேண்ட் குமிழை கிராமபோன் நிலைக்குத் திருப்ப மறந்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்கிறவர்களே அதிகம்.

இது முழுக்க டிரான்ஸ்பார்மர் செட்டுக்கு மட்டுமே. ஏசி/டிசி செட்டின் பி.யு. துளையில் போனையோ, சார்ஜரில் இருக்கும் எதையுமோ இணைத்தால் அதைத் தொடுகிற விருந்தினருக்கு உயிராபத்து. அப்படிப்பட்ட செட்டுக்குக் கரண்டே கொடுக்காமல், பெட்டிக்குள் இருக்கும் காலி இடத்தில் தனியாக ஒரு சிறு ஸ்பீக்கரை வையுங்கள். ஒருவருக்கும் தெரியாது. ஆள் பக்கத்தில் இல்லாதபோது எந்த வால்வு செட்டையும் ஓடவிட வேண்டாம், மரப்பெட்டிக்குள் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். இன்னொன்று: தங்க வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவது சொந்த உபயோகம் ஆகாது. உரிமை பற்றிய பதில் கீழே இருக்கிறது, படித்துவிடுங்கள்.

பெட்டகத்தில் பதினெட்டு ஸ்பூல் நாடாக்கள். சில டப்பாக்களைத் திறந்தால் காடி வாசனை. இரண்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வெயிலில் காய வைக்கலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

வெயில் வேண்டவே வேண்டாம். முதலில் வகை பிரியுங்கள். ஸ்பூலைப் பக்கவாட்டில் விளக்குக்கு நேரே பிடியுங்கள். சுற்றிய நாடாவின் ஊடே வெளிச்சம் கசிந்தால் அசிட்டேட். இருட்டாக இருந்தால் பாலியெஸ்டர். காடி வாசனை அசிட்டேட்டிலிருந்துதான் வரும். நாடாவின் அடிப்பொருளே சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல நாடாவையும் கெடுக்கும் என்பதால், வாசனை வருவதை எல்லாம் இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள். தொடங்கிய சிதைவை நிறுத்த முடியாது, சூட்டையும் ஈரத்தையும் குறைத்துத் தாமதப்படுத்தத்தான் முடியும். ஆகவே கணினியில் ஏற்ற வேண்டிய வரிசையில் அவையே முதலில்.

வெள்ளைப் பூப்பு பூஞ்சை. முகக்கவசம் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு இரண்டு மூன்று வாரம் வைத்தால் காய்ந்து பொடியாகும். பிறகு வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால் ஸ்பூலின் பக்கங்களைத் துடையுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மெஷினின் ஹெட்டுக்கும் (நாடாவைப் படிக்கும் முனை) வழிகாட்டிகளுக்கும் மட்டும், நாடாவின் மேல் படக் கூடாது.

வாசனையும் இல்லை, பூப்பும் இல்லை, ஆனால் ஓட்டினால் கிறீச்சிட்டு ஹெட்டில் பழுப்புப் பசை அப்புகிறது என்றால் அது மூன்றாவது வியாதி. 1970, 80களில் வந்த சில பாலியெஸ்டர் நாடாக்களின் ஒட்டுப்பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுக்கும். உடனே நிறுத்துங்கள். ஒலிக்கூடங்களில் சூட்டைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் கருவியில் சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் போல வைத்து இதைச் சரிசெய்வார்கள். சில வாரங்களுக்கு ஓடும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு அடுப்படி அவனில் வைத்துவிடாதீர்கள். அசிட்டேட்டுக்கு இந்த வைத்தியமே ஆகாது, சூடுதான் அதன் எமன்.

அறுந்த இடத்தைப் பார்த்தும் வகை தெரியும். அசிட்டேட் வெட்டினாற்போல அறும், ஒட்டினால் ஒரு சொல்கூடப் போகாது. பாலியெஸ்டர் அறுவதற்கு முன் இழுபட்டு முறுக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் உள்ள பேச்சு போனதுதான். ஒட்டுவதற்கு நாடா ஒட்டும் டேப் என்றே தனியாக உண்டு. கடையில் விற்கும் செல்லோ டேப்பின் பசை வழிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். 7 அங்குல ஸ்பூலில் 1,200 அடி நாடா இருந்தால், வினாடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 64 நிமிஷம். ஏழரை அங்குல வேகத்தில் 32 நிமிஷம். வீட்டில் வானொலியிலிருந்து பிடித்தவை அநேகமாகக் குறைந்த வேகத்தில்தான் இருக்கும். ஓட்டும்போது ஒரு காதில் நாடகமும் மறு காதில் தலைகீழ்ப் பேச்சும் கேட்டால் பயப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒற்றை ஒலியாகப் பதிந்த நாடாவை ஸ்டீரியோ மெஷினில் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இது ஒரு வசதியும்கூட. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் ஏற்றிக்கொண்டு, தலைகீழ்ப் பக்கத்தைக் கணினியில் திருப்பிவிட்டால் சிதையும் நாடாவை இரண்டாம் முறை ஓட்ட வேண்டியதில்லை.

நாற்பது கேசட்டில் இலங்கை வானொலி, திருச்சி வானொலி நிகழ்ச்சிகள். எல்லாமே கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கிறது. நாடா தேய்ந்துவிட்டதா?
– வாசகர், கோட்டையூர்

நாற்பதும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்காது. கோளாறு பெரும்பாலும் உங்கள் டெக்கில்தான். ஹெட்டில் பழுப்பு படிந்திருக்கிறதா பாருங்கள். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால், பழுப்பு ஒட்டாமல் வரும் வரை துடையுங்கள். ரப்பர் ரோலரையும் துடையுங்கள், அதன் பளபளப்பு போக வேண்டும். இரைச்சல் குறைக்கும் டால்பி பொத்தான் அமுங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். வீட்டு டேப் ரிக்கார்டரில் பிடித்ததற்கு டால்பி போட்டால் மேல் சுரங்கள் எல்லாம் விழுங்கப்படும்.

இதற்குப் பின்னும் கம்பளி என்றால், ஹெட்டின் சாய்வு. உங்கள் வீட்டுப் பழைய டேப் ரிக்கார்டரின் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால், அதில் பதிந்த கேசட் எல்லாம் அந்தச் சாய்விலேயே பதிந்திருக்கும். நேராக நிற்கும் ஹெட்டில் ஓட்டினால் 'ச', 'ஷ' ஒலிகள் மழுங்கிவிடும். ஹெட்டின் இரு பக்கமும் இரண்டு திருகு இருக்கும். ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த திருகுதான் நமக்கு வேண்டியது, பல டெக்குகளில் பெயின்ட் வைத்து அடைத்திருப்பார்கள். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, காந்தமில்லாத சிறு திருப்புளியால் கால் சுற்றுக்குள் இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்புங்கள். அறிவிப்பாளரின் 'ச' கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்டீரியோ டெக்கானால் இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கிக் கேட்டால் அந்த இடம் இன்னும் துல்லியமாகத் தெரியும். தொடங்கும் முன் திருகு நின்ற நிலையைப் பேனாவால் குறித்து வையுங்கள். வேறு டேப் ரிக்கார்டரில் பதிந்த கேசட் வந்தால் மறுபடி இதே வேலை. ஒரே ஆள், ஒரே காலத்தில் பதிந்தவற்றை ஒன்றாக அடுக்கிக்கொண்டால் திருகைத் தொடும் தடவை குறையும்.

ஒரே ஒரு கேசட் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டால், அதன் வாயில் நாடாவை ஹெட்டோடு அழுத்துகிற சிறு பஞ்சுப் பட்டை உதிர்ந்திருக்கும். ஐந்து திருகு போட்ட மலிவான வெற்றுக் கேசட் ஒன்றைத் திறந்து, நாடாவை மட்டும் அதற்குள் மாற்றுங்கள். திருகில்லாமல் ஒட்டிய கூடாக இருந்தால் விளிம்பில் மெல்லிய கத்தி விட்டுப் பிளக்க வேண்டும். கூடு உடையட்டும், நாடா மேல் கத்தி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல வருஷம் சும்மா கிடந்ததை ஓட்டும் முன் முழுக்க முன்னும் பின்னும் ஒருமுறை சுற்றுங்கள். சி-120 (120 நிமிஷக் கேசட்) என்றால் அதையும் கையால், பென்சில் விட்டு. அதன் நாடா ரொம்ப மெல்லியது, மோட்டாரில் மாட்டினால் நூடுல்ஸாகிவிடும்.

கணினிக்கு ஏற்றும்போது டெக்கின் 'லைன் அவுட்'டிலிருந்து 'லைன் இன்'னுக்கு. லேப்டாப்பின் மைக் துளையில் சொருகினால் ஒலி கிழியும். அந்த வசதி இல்லாத லேப்டாப்புக்கு லைன் இன் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ பெட்டி ஒன்று தேவை. வாக்மேன் உருவில் விற்கும் மலிவு யு.எஸ்.பி. கேசட் பிளேயர்களின் ஓட்டம் தள்ளாடும். வீணை நிகழ்ச்சி இருந்தால் அழுகைதான் வரும்.

ஒரு நாடகக் கேசட்டில் எல்லோரும் இழுத்து இழுத்துப் பேசுகிறார்கள். சரியான வேகம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கண்டனூர்

அதே கேசட்டில் ஒரு சினிமாப் பாட்டு முழுதாக இருக்கிறதா? அந்தப் பாட்டின் இசைத்தட்டுப் பிரதியை எடுத்து நீளத்தை ஒப்பிடுங்கள். தட்டில் 200 வினாடி, உங்கள் பதிவில் 206 வினாடி என்றால் வேகத்தை 3 சதவீதம் கூட்ட வேண்டும். ஆடசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தை மாற்றும் வசதியில் 3 என்று கொடுத்தால் சுருதியும் சேர்ந்து சரியாகும். சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றும் வசதியும் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

பாட்டு இல்லையென்றால் கரண்ட் உறுமல் கை கொடுக்கும். பதியும்போது ஒட்டிக்கொண்ட உறுமல் 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், 48.5-இல் நின்றால் நாடா மெதுவாக ஓடுகிறது. ஆனால் இதில் இரண்டு பொறி உண்டு. டெக்கே உண்டாக்கும் உறுமல் எப்போதும் இன்றைய 50-ஐத்தான் காட்டும், ஆகவே கேசட்டை நிறுத்திவிட்டு டெக்கின் உறுமலைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, 1980, 90களில் தென்மாநில மின்தொகுப்பே மின்பற்றாக்குறையால் 50-க்குக் கீழே ஓடிய நாள்கள் ஏராளம். நாடா சரியாக இருந்து கரண்ட் மெதுவாக இருந்திருக்கலாம். அதனால் உறுமல் கணக்கை இரண்டாம் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேசட் உறைகளில் ஒன்றும் எழுதவில்லை. எந்த வருஷத்து நிகழ்ச்சி என்று எப்படிச் சொல்வது?
– வாசகர், புதுவயல்

சேகரிப்பதில் ருசியான வேலை இதுதான். நிகழ்ச்சியை விட்டுவிட்டு முன்னும் பின்னும் உள்ள அறிவிப்புகளைக் கேளுங்கள். 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்று காதில் விழுந்தால் 1967 ஜனவரி 5-க்குப் பிந்தியது, அன்றுதான் அது கூட்டுத்தாபனம் ஆனது. சிலோன் 1972-இல் ஸ்ரீலங்கா ஆன செய்தி உங்களுக்கு உதவாது, தமிழில் அதற்கு முன்னும் பின்னும் இலங்கைதான்.

அலைவரிசை எண்ணைச் சொன்னால் 9-ஆல் வகுத்துப் பாருங்கள். நம் பகுதி மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு மாறியது 1978 நவம்பர் 23-இல். திருச்சியின் 936, மதுரையின் 1269, சென்னையின் 720 எல்லாமே 9-ஆல் மீதியின்றி வகுபடும். வகுபடாத எண் என்றால் அதற்கு முந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கிழமையும் தேதியும் சேர்ந்து கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. "ஆகஸ்ட் 15, புதன்கிழமை" என்றால் 1973, 1979, 1984, 1990 ஆகியவற்றில் ஒன்று. இடையில் விளம்பரமோ சினிமாப் பாட்டோ வந்தால் அந்தப் படம் வெளியான வருஷம் கீழ் எல்லை. அகில இந்திய வானொலியின் விவித் பாரதியில் விளம்பரம் வரத் தொடங்கியது 1967-இல் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நாள் உறுதிப்பட, அகில இந்திய வானொலி மாதம் இருமுறை வெளியிட்ட 'வானொலி' இதழ் வேண்டும். அதில் நிலைய வாரியாக நிகழ்ச்சி நிரல் இருக்கும். பழைய பத்திரிகைக் கட்டை எடைக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டுங்கள். வீட்டில் இல்லையென்றால் தேடத் தொடங்க நல்ல இடம் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அந்தச் சேகரிப்பு பிறந்தது உங்கள் பக்கத்து ஊர் கோட்டையூரில்தான்!

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நாடக இசைத்தட்டு செட் பார்த்தேன். வாங்கலாமா?
– வாசகி, குன்றக்குடி

வானொலி நாடகத்துக்கு மூத்த அண்ணன் அந்தத் தட்டு. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் செய்ததே சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வியாபாரம். ஆகவே இந்த ஊரில் செட் அகப்படுவது ஆச்சரியமில்லை. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம்தான், ஒரு நாடகத்துக்குப் பல தட்டு வேண்டும். உறைகளை நம்பாமல் தட்டின் நடுவில் உள்ள எண்களைப் படித்து, தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் கதை அறுந்துபோகும், விலையும் பாதியாக வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பள்ளங்கள் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஊசி தின்றுவிட்டது. மயிரிழை விரிசலைக் கண்ணால் பிடிப்பது சிரமம். விளிம்பை விரல் கணுவால் தட்டினால் நல்ல தட்டு கணீரென்னும்.

துடைக்கத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும், நடு லேபிள் நனையாமல். ஆல்கஹால் படவே கூடாது, 78 வேகத் தட்டு அரக்கில் செய்தது, கரைந்துவிடும். எல்.பி. பிளேயரில் 78 வேகம் இருந்தாலும் அதன் ஊசி மெல்லியது, பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே எடுக்கும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி தனியாக வாங்குங்கள். சாவி கொடுக்கும் கிராமபோனில் போடுவதென்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு எஃகு ஊசி. பழைய ஊசியை மறுபடி வைத்தால் அது ஊசி இல்லை, உளி.

அமெரிக்கர்களின் 1940களின் வானொலி நாடகம் ஆயிரக்கணக்கில் இணையத்தில் கிடைக்கிறது. நம்முடையது ஏன் இல்லை?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

அங்கே நிகழ்ச்சிகளை 16 அங்குலத் தட்டுகளில் பதிந்தார்கள். அலுமினியத்தின் மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சு, நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்று, பக்கத்துக்குப் பதினைந்து நிமிஷம். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடியில்கூடப் பூசினார்கள். தட்டை அழித்து மறுபடி பதிய முடியாது, வேண்டாமென்றால் தூக்கித்தான் எறியலாம். எறிந்ததைப் பொறுக்கிக் காத்தவர்கள் ரசிகர்கள். 1938 அக்டோபர் 30-இல் செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுத்ததாகச் சொல்லிப் பரபரப்பான ஆர்சன் வெல்ஸ் நாடகத்தை இன்றும் கேட்க முடிவது தட்டில் பதிந்ததால்தான். காந்த நாடா அப்படியல்ல. அழித்தால் புதிது, விலையோ அதிகம். ஒலிபரப்பு முடிந்த நாடாவில் அடுத்த நிகழ்ச்சி ஏறிவிடும். அதனால்தான் பள்ளத்தூர் அம்மாவின் பதினெட்டு ஸ்பூலுக்கு இவ்வளவு விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

இணையத்தில் அமெரிக்க நாடகம் இறக்கும்போது, ஒரே தொடர் பல தரத்தில் கிடைக்கும். அரை மணி நாடகம் 7 எம்.பி. என்றால் 32 கிலோபிட். கேட்கக் காது கூசும். 14 எம்.பி.க்குக் குறையாததைத் தேடுங்கள்.

டிரான்சிஸ்டரில் இரவானால் திருச்சியும் மதுரையும் இரைச்சலுக்குள் முங்கிவிடுகின்றன.
– வாசகர், ஆத்தங்குடி

பேட்டரியில் போட்டு, வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிஷம் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் போனால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்டுபிடியுங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு தன் பக்கவாட்டில் வரும் அலையைத்தான் நன்றாகப் பிடிக்கும், முனைகளின் திசையில் செவிடு. உங்கள் ஊருக்குத் திருச்சி வடக்கே, மதுரை மேற்கே. தண்டு கிழக்கு மேற்காக இருந்தால் திருச்சி, வடக்கு தெற்காகத் திருப்பினால் மதுரை. வால்வு செட்டென்றால் முற்றத்துக்கு மேலே, தாழ்வாரக் கூரையின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் செம்புக் கம்பியை பீங்கான் குமிழ்களில் கட்டுங்கள். இடி மழையின்போது கம்பியைச் செட்டிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

கேசட்டிலிருந்து எடுத்ததை யூடியூபில் போடலாமா?
– வாசகர், நாச்சியாபுரம்

வீட்டில் கேட்கவும் ஆராய்ச்சிக்கும் பதிந்து வைப்பதை 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் தடுக்கவில்லை. ஊருக்குப் போட்டுக் காட்டுவது வேறு விஷயம். ஒலிபரப்பிய நிறுவனத்துக்கு உள்ள ஒலிபரப்பு உரிமை, ஒலிபரப்பான வருஷத்துக்கு அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டு. 1985 நிகழ்ச்சிக்கு 2010-ஓடு முடிந்தது. ஆனால் அதே நிகழ்ச்சிக்குள் இருக்கும் பாட்டின் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு, நாடகம் எழுதியவருக்கு அவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். பெரும்பாலான நாடகங்கள் இதில் மாட்டும். எழுதியவரின் வாரிசுகளைக் கேட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். காசுக்கு விற்பதை நினைக்கவே வேண்டாம்.

எந்த வடிவில் சேமிப்பது? எவ்வளவு இடம் பிடிக்கும்?
– வாசகி, கோனாபட்டு

மூலப் பிரதி வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றை ஒலி. ஒரு மணி நேரத்துக்கு சுமார் 520 எம்.பி. ஃபிளாக் என்ற சுருக்கிய வடிவாக ஆக்கினால் ஏறத்தாழப் பாதி, இழப்பு ஒன்றும் இல்லை. பதியும்போது உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். இரைச்சல் நீக்குவதை மூலப் பிரதியில் செய்யாதீர்கள், நகலில் செய்யுங்கள். அதுவும் 6 முதல் 8 டெசிபலுக்குள். அதற்கு மேல் போனால் அறிவிப்பாளர் ஊருணிக்குள் முங்கிப் பேசுவார். விளம்பரம், மணி அறிவிப்பு, நிலையப் பெயர் எதையும் வெட்ட வேண்டாம். புதுவயல்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள், சாட்சியே அவைதான். கோப்புப் பெயர் வருஷம், மாதம், நாள், நிலையம், நிகழ்ச்சி என்ற வரிசையில் இருந்தால் தானாக அடுக்கிக்கொள்ளும். பிரதி மூன்று. இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்கில், ஒன்று வெளியூரில். உங்கள் குடும்பங்களில் சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஒருவர் இல்லாமலா போவார்? ஏற்றி முடித்தோமே என்று கேசட்டை எறிந்துவிடாதீர்கள்.

ரேடியோவோடு தபால் ஆபீஸ் முத்திரை குத்திய லைசென்ஸ் புத்தகம் ஒன்று கிடைத்தது. இதற்கு ஏதாவது மதிப்பு உண்டா?
– வாசகர், வலையப்பட்டி

பணமாக ஒன்றும் பெரிதாகத் தேறாது. ஆனால் ரேடியோ வைத்திருக்க வருஷா வருஷம் தபால் ஆபீஸில் கட்டணம் கட்டிய காலத்துச் சான்று அது. செட் எந்த வருஷம் எந்த ஊரில் ஓடியது என்பது முத்திரைகளில் இருக்கிறது. லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. ரேடியோவின் பின்பலகைக்குள்ளும் சொருகி வைக்க வேண்டாம், வால்வுச் சூட்டில் தாள் பழுத்து நொறுங்கும். தனி உறையில் போட்டு, உறைமேல் செட்டின் மாடல் எண்ணைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.